மூன்றாவது ஆளின் பங்கு

இரண்டு பேரை ஏமாற்றினேன். இரண்டு பேருமே எனக்கு நன்றி சொன்னார்கள். ஒருவர் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து ஃபில்டர் காபி கொடுத்தார். இன்னொருவர் அடுத்த கோடையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். காபியையும் குடித்தேன், மாம்பழத்தையும் தின்றேன். செய்தது மத்தியஸ்தம் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பைக் கலைத்தது ஒரு ஸ்பானிய வினைச்சொல்.

எனக்குப் பிழைப்பே ஸ்பானிய மொழிதான். தென்னமெரிக்காவில் இருந்து வரும் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் புகார்களையும் பெங்களூரில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுப்பது வேலை. ஒரு நாள் ஏதோ சரக்குத் தகராறு பற்றிய கடிதம். இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்கிறது, நீங்கள் நடுவில் புகுந்து தீர்த்துவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அவர்கள் போட்டிருந்த வினை ‘தெர்சியார்’. பழக்க தோஷத்தில் ‘மத்தியஸ்தம் செய்தல்’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் ஸ்பெயினின் அரச கழக அகராதியைத் திறந்து பார்த்தேன். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று வேடிக்கை பார்க்கப் போனவன், என் மேல் போட்ட குற்றப்பத்திரிகையைப் படித்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியஸ்தத்துக்கு ஸ்பானியத்தில் வழக்கமான வினை ‘மெதியார்’. ‘நடு’ என்று பொருள்படும் ‘மெதியுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாதியாவது, பாதி வழி வந்து சேர்வது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே காலம் கழிவது, இருவருக்காகப் பரிந்து பேசுவது எல்லாம் அதற்குள் அடக்கம். வடமொழியின் ‘மத்ய’வும் லத்தீனின் ‘மெதியுஸ்’ஸும் ஒரே வேரில் கிளைத்தவை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் பேசினாரே, அந்த உறவுதான். ஆகவே நம் ‘மத்தியஸ்த’மும் ‘மெதியா’ரும் பங்காளிகள். இரண்டுமே கேட்க இதமான சொற்கள். நடுவில் நிற்பவன் என்றால் எந்தப் பக்கமும் சாயாதவன், தனக்கென்று எதுவும் இல்லாதவன் என்று மனதுக்குள் ஒரு மாலை விழுகிறது.

‘தெர்சியார்’ மாலை போடுவதில்லை. அதன் தாய் ‘தெர்த்தியுஸ்’, அதாவது மூன்றாவது. முதலாம் நூற்றாண்டில் ரோமானியர்களின் வேளாண்மையைப் பற்றி எழுதிய கொலுமெல்லா போன்றவர்களின் லத்தீனில் அதிலிருந்து வந்த வினை மூன்றாம் உழவு போடுவதைக் குறித்தது. நம் ஊரில் முச்சால் உழவு என்பார்களே, அதுதான். ஸ்பானியத்துக்கு வந்த பிறகு பொருள்கள் பெருகின. ஒன்றை மூன்றாகப் பங்கிடுவது. கோவேறு கழுதையின் முதுகில் பாரத்தை இரண்டு பக்கமும் சரியாகத் தூக்கி நிறுத்துவது. ஒரு பொருளைக் குறுக்கே சாய்த்துப் போடுவது. அடுத்தவர் காரியத்தில் தானும் ஒரு பங்காளியாகச் சேர்ந்துகொள்வது. சண்டைக்கு நடுவே புகுந்து சமாதானம் பண்ணுவது. மெக்சிகோ, கொலம்பியா பக்கம் இன்னொரு பொருளும் உண்டு: பாலிலோ மதுவிலோ வேறொன்றைக் கலந்து விற்பது.

சமாதானம், பங்கு, கலப்படம் மூன்றும் ஒரே வினையில். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அல்சூரில் மூன்று மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், கன்னடக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாடியில் நான். இரண்டாம் மாடியில் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம். கணவர் கார் ஓட்டுகிறார், மனைவி வீட்டிலேயே தையல். வாடகை மாதம் 12,000. பெங்களூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,20,000. சென்னையில் இருந்து வருகிறவர்களுக்கே இந்த ஊர் அட்வான்ஸ் மயக்கம் வரவைக்கும். குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2021இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘மாதிரி வாடகைச் சட்டம்’ சொல்கிறது. பெயரே மாதிரிச் சட்டம். மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர். ஒப்பந்தமோ எப்போதும் பதினோரு மாதத்துக்கு. ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் இந்த ஒரு மாதக் கழிவு. இப்படித்தான் இந்த ஊரில் லட்சக்கணக்கான ரூபாய் வெறும் நம்பிக்கையின் பேரில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குடும்பம் காலி செய்வதாகச் சொன்னது. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள், அது ஊர் வழக்கம், அதில் தகராறு இல்லை. மீதி 1,08,000 வர வேண்டும். வீட்டுக்காரர் மேலே போய்ப் பார்த்தார். சமையலறையில் டைல்ஸ் விரிசல், பாத்ரூம் கதவு உப்பிப்போயிருக்கிறது, குழாய் ஒழுகுகிறது. பெயின்டிங்கையும் சேர்த்து 50,000 பிடிப்பேன் என்றார். கதவு உப்பியது சுவரில் இறங்கிய மழைத் தண்ணீரால், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றார் அந்த அம்மா. அவருக்குக் கன்னடம் சந்தை அளவுக்குத்தான். வீட்டுக்காரருக்குத் தமிழ் புரியும், ஆனால் கோபம் வந்தால் கன்னடம் மட்டும்தான். இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிற ஆள் நடு மாடியில் இருந்தான்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானாகத்தான் மாடிப்படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

இந்த ஆசை எனக்குப் பழையது. 2000 ஜூலை 30 அன்று தொட்டகாஜனூர் வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திக்கொண்டு போனபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 15 அன்று அவர் விடுதலையாகும் வரை 108 நாட்கள், பெங்களூர்த் தமிழர்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்த காலம். முதலில் நக்கீரன் கோபால் இரண்டு அரசுகளின் தூதராகக் காட்டுக்குள் போய் வந்தார். பிறகு பழ. நெடுமாறன் உள்ளிட்டவர்கள் போனார்கள். தூதர் கிளம்பினார், தூதர் திரும்பினார் என்பதுதான் அன்றாடச் செய்தி. முதலமைச்சர்கள் இருவரும் ஒருபுறம், காட்டில் ஒருவன் மறுபுறம், அவ்வளவு பேரும் நடுவில் போய்வருகிற ஆளுக்காகக் காத்திருந்தார்கள். அந்த வயதில் எனக்கு ராஜ்குமாரோ வீரப்பனோ ஆக வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தத் தூதராக ஆக வேண்டும் என்று தோன்றியது.

வீரப்பன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று எங்கள் பேட்டை சம்பந்தப்பட்டது. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பது. அந்த மிரட்டலுக்குச் சிலை திறக்கவில்லை. 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் எடியூரப்பாவும் கருணாநிதியும் மேடையில் இருக்கத் திறந்தது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். ‘தெர்சியா’ருக்குப் பாரத்தை இருபுறமும் சமமாக ஏற்றுவது என்று ஒரு பொருள் இருக்கிறதே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு புலவர், அங்கே ஒரு புலவர். எந்தப் பக்கமும் தாழவில்லை. யாருக்கு என்ன கிடைக்கிறது, பதிலுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது.

என் மாடிப்படி மத்தியஸ்தத்தில் எதுவுமே வெளிச்சத்தில் நடக்கவில்லை.

கீழே வீட்டுக்காரர் கொதித்துப்போய், ‘நிம் ஜனானே ஹீகே’ என்றார். உங்கள் ஜனங்களே இப்படித்தான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், உங்களைச் சொல்லவில்லை என்று கையை அசைத்தார். மேலே போய், “சார் ரொம்ப மனசு வருத்தப்படுறாரும்மா, வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினவரு” என்றேன். அந்த அம்மா, “பைசா பாக்கியில்லாம கைக்கு வராம சாவியைக் கொடுக்க மாட்டோம்ணா, ஸ்டேஷனுக்குப் போனாலும் போவோம்” என்றார். கீழே வந்து, “பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமாம் சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க” என்று கன்னடத்தில் சொன்னேன். இப்படி ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். கீழிருந்து கோபமாகக் கிளம்பியது மேலே வருத்தமாகப் போய்ச் சேர்ந்தது. மேலிருந்து உரிமையாகக் கிளம்பியது கீழே கெஞ்சலாக வந்து சேர்ந்தது.

கடைசியில் வீட்டுக்காரரிடம், “50,000 பிடிச்சுக்க ஒத்துக்கிட்டாங்க சார்” என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மேலே போய், “இப்போ 70,000 தர்றாரு. மீதியை ரிப்பேர் வேலை முடிஞ்சதும் கணக்குப் பார்த்துத் தருவாரு. சாவியைக் குடுத்துடுங்க, பணம் எங்க போகப்போவுது” என்றேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. சாவி என்பது போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன சொல். ஜன்னலும் அலமாரியும் அவர்கள் கொடுத்தவைதான். வாடகைக்கு இருக்கிறவரின் கையில் இருக்கிற ஒரே பிடி அந்தச் சாவி. அதை நான் என் கையாலேயே வாங்கி, கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரு தரப்பும் கைகூப்பிப் பிரிந்தது. அந்த மாதிரி அமைதியாக ஒரு வீடு காலியானதை அல்சூரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவரைப் பொறுத்தவரை எதிர்த் தரப்பு ஒத்துக்கொண்ட கழிவு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார், கணக்கு முடிந்தது. மேல்மாடிக்காரரைப் பொறுத்தவரை 38,000 பாக்கி. “அண்ணா, மீதி எப்போ தருவாருன்னு கேட்டீங்களா?” என்று போன் வரும். “கேட்டிருக்கேன், பார்க்கலாம்” என்பேன். கேட்டால் என் பொய் உடைந்துவிடும், எப்படிக் கேட்பது? சில மாதத்தில் அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். ‘அண்ணன் இல்லாட்டி இந்த எழுபதும் வந்திருக்காது’ என்று அவரே சமாதானம் செய்துகொண்டார் போல. மாம்பழம் வந்தது அதற்குத்தான்.

சொற்களைப் பக்குவப்படுத்துவது மத்தியஸ்தர் வேலைதானே என்று ரொம்ப நாள் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்குவம் வேறு, கலப்படம் வேறு என்பது இந்தத் தொழிலை முறையாகப் படித்தவர்களுக்குத் தெரியும். நம் நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த மத்தியஸ்த மையத்துக்கு முன்னோடி சென்னை உயர் நீதிமன்றம். அங்கே 2005இல் தொடங்கியது. பெங்களூரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் கீழ் 2007 ஜனவரியில் மையம் தொடங்கியது; குடும்ப வழக்கு, பாகப்பிரிவினை, வாடகைத் தகராறு என்று நீதிமன்றங்கள் அங்கே அனுப்புகின்றன. பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் இரண்டு தரப்பையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்பார், பிறகு தனித்தனியாகவும் கேட்பார். தனியே சொன்னதில் எதை மறு தரப்பிடம் சொல்லலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்வார். வசவை நீக்குவார், கோரிக்கையை நீக்க மாட்டார். ‘முழுப் பணம் வராமல் சாவி தர மாட்டார்கள்’ என்பது கோரிக்கை. அதை நான் பள்ளிக்கூட ஃபீஸாக மாற்றிவிட்டேன். வசவை வடிகட்டுகிற சாக்கில் கோரிக்கையையும் கொட்டிவிட்டேன்.

2023இல் வந்த மத்தியஸ்தச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. மத்தியஸ்தராக உட்காருகிறவர், அந்த விவகாரத்தில் தனக்குப் பணம், தொழில், உறவு என்று எந்த வகையில் ஒட்டு இருந்தாலும் அதை முன்கூட்டியே எழுத்தில் இரண்டு தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும். தெருவில், பேட்டையில் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்குச் சமூக மத்தியஸ்தம் என்று ஒரு பகுதி வைத்து, அதற்கு மூன்று பேர் குழு என்றும் வகுத்திருக்கிறது. இதைப் படித்தபோதுதான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிற இடத்துக்கு வந்தே ஆக வேண்டியதாயிற்று. எனக்கு இதில் ஒட்டு இருந்தது.

நானும் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவன். என் வாடகை 14,000. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் ஏறும். மேல்மாடி காலியான கொஞ்ச நாளில் என் ஒப்பந்தமும் புதுப்பிக்க வந்தது. வீட்டுக்காரர் காபி கொடுத்தது அன்றைக்குத்தான். ஸ்டாம்ப் பேப்பரைப் புரட்டியபடி, ‘நிமகே பேடா பிடி’ என்றார். உங்களுக்கு வேண்டாம், விடுங்கள். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய வாடகைக்கே கையெழுத்துப் போட்டேன். மாதம் 700, பதினோரு மாதத்துக்கு 7,700.

ஸ்பானிய இலக்கியத்தில் பேர்போன இடையாள் செலெஸ்தினா. 1499இல் புர்கோஸில் அச்சான நாடகத்தின் கிழவி. காதலர்களுக்கு நடுவே தூது போகிற பெண்ணுக்கு அந்த மொழியில் ‘தெர்செரா’, மூன்றாமவள் என்றே பெயர். காதலைச் சேர்த்துவைத்ததற்குக் காதலன் ஒரு தங்கச் சங்கிலி கொடுக்கிறான். கூட இருந்த அவனுடைய வேலையாட்கள் இருவர் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார்கள். அவள் தர மறுக்கிறாள். அந்த இடத்திலேயே குத்திக் கொல்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் அந்தக் கிழவியை அற்பம் என்று நினைத்திருக்கிறேன். இப்போது பார்த்தால் அவளாவது சங்கிலியை ஆட்கள் பார்க்கத்தான் வாங்கினாள். நம் பக்கத்து துபாஷிகளும் அப்படித்தான். புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்குத் தலைமை துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலத்தில், பிரெஞ்சுக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவே பேசுகிறவருக்குத் தரகு உண்டு என்பது வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அவரவர் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். என் தரகு என் இரண்டு கட்சிக்காரர்களில் ஒருவருக்குத் தெரியவே தெரியாது. கிருஷ்ணகிரிக்காரருக்கு நட்டமான 38,000இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என் பையில். செலெஸ்தினாவிடம் அந்த வேலையாட்கள் ஆளுக்குக் கேட்ட மூன்றில் ஒன்றைவிட மலிவாகவே நான் படிந்திருக்கிறேன்.

வாடகையை ஏற்றாமல் விடுவார் என்று தெரிந்தா சாவியை வாங்கிக் கொடுத்தாய் என்று கேட்டால், சத்தியமாக இல்லை. ஆனால் கீழ்வீட்டுக்காரரோடு நான் தொடர்ந்து இருந்தாக வேண்டும், மேல்வீட்டுக்காரர் கிளம்பிவிடுவார் என்பது முதல் படி ஏறும்போதே எனக்குத் தெரியும். சாய்வு அங்கேயே தொடங்கிவிட்டது. 700 ரூபாய் பின்னால் வந்த ரசீது.

இன்னொரு சாக்கும் வைத்திருந்தேன், அது கொஞ்சம் கௌரவமானது. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்து, டிசம்பரில் இந்த ஊரில் தமிழர்கள் அடிபட்டதைப் பார்த்த தலைமுறை எங்கள் பெற்றோர். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்ததை நானே பார்த்தேன். ‘உங்கள் ஜனங்களே இப்படித்தான்’ என்பதை அப்படியே மேலே கொண்டுபோனால் ஒரு வாடகைத் தகராறு மொழித் தகராறு ஆகிவிடும், அதைத் தடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் கலவரக்காரர் இல்லை, டைல்ஸ் உடைந்த கோபத்தில் வாய் தவறிய ஒரு பெரியவர். அந்த ஒரு வாக்கியத்தை அமுக்கியதில் தப்பில்லை. அதே அமைதியின் பேரில் பணத்தையும் சேர்த்து அமுக்கியதுதான் தப்பு. 1991ஐ நினைத்து நான் பயந்தது உண்மை. அதை வசதியாகப் பயன்படுத்திக்கொண்டதும் உண்மை.

‘நடுவில் நிற்கிறேன்’ என்று சொல்லிக்கொண்ட வரைக்கும் எனக்கென்று ஒரு கணக்கு இருப்பதை நான் பார்க்கவே இல்லை. ‘மூன்றாவது ஆள்’ என்று நினைத்திருந்தால், இவனுக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி யாரும் கேட்காமலே வந்திருக்கும். இப்போதும் யாராவது நடுவில் வந்து பேசச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், இரண்டு மொழி தெரிந்தவனை இந்த ஊரில் விட மாட்டார்கள். போனதும் முதலில் என் ஒட்டு என்ன என்று சொல்லிவிடுகிறேன்: இவர் என் வீட்டுக்காரர், அவர் என் ஊர்க்காரர், இன்னாரிடம் எனக்குக் கடன் இருக்கிறது. பாதிப் பேர் அப்போதே வேறு ஆளைத் தேடிக்கொள்கிறார்கள். தேடிக்கொள்ளட்டும்.

அந்த 38,000ஐ என்னால் திருப்ப முடியாது, வீட்டுக்காரர் மனதில் அது முடிந்த கணக்கு. என் 7,700ஐத் திருப்ப முடியும். அந்தக் கார் ஓட்டுநரின் எண் என் போனில் இருக்கிறது, ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அனுப்பினால் உடனே, “எதுக்குண்ணா?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிற வரைக்கும் நான் அனுப்பவில்லை.